முழங்கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் சேலத்தில் பள்ளி மாணவியருக்கான சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, சற்றுப் பெரிய பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டம்) தேர்வு ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளர்கள், பெற்றோர்கள், அணியை அழைத்து வந்த ஆசிரியர்கள் என அனைவரும், மட்டையோடு வந்து நின்ற ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரே அறிவுரையைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "முழங்கையைத் தூக்கு!" பந்து செங்குத்தாக எழும்பி எளிய கேட்சாகிப் போனாலும் முழங்கையைத் தூக்க வேண்டும், தரையில் உருண்டு மூன்றாம் பேஸ் (ஆடுகளத்தின் இடப்பக்க முனை) பக்கம் போனாலும் தூக்க வேண்டும், மட்டையில் படாமலே போனாலும் தூக்க வேண்டும். இவை மூன்றும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு பிழைகளின் விளைவுகள் என்பதை அங்கே யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானும் பல ஆண்டுகள் அதே சொல்லைக் கத்தியவன்தான். அதனால் ஒரு மாணவியின் ஆட்டம் கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

சாஃப்ட்பால் மட்டை வீச்சில் கைகள் செய்யும் பிழைகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு என்பதால், தங்கள் நாளிதழ் வழியாக நம் மாவட்டத்து ஆசிரியர்களோடு இதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவருக்கு இடது கை மட்டைப் பிடியின் முனையில் உள்ள குமிழை ஒட்டியும், வலது கை அதற்கு மேலும் இருக்கும். இடக்கை ஆட்டக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் ஆடும் வேகப்பந்து சாஃப்ட்பாலில் பந்து எறியும் இடத்துக்கும், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே உள்ள தொலைவு 43 அடி மட்டுமே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து அந்தத் தொலைவை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். எறிபவர் சில அடி முன்னால் வந்துதான் பந்தை விடுகிறார் என்பதால் உண்மையில் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகப்பந்தை எதிர்கொள்பவருக்குக் கிடைக்கும் நேரத்தோடு இது ஏறத்தாழ ஒத்தது. பள்ளி அளவில் 70 கிலோமீட்டர் வேகம்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் முக்கால் நொடிக்குள் பந்தைப் பார்த்து, முடிவு செய்து, மட்டையைச் சுழற்றியாக வேண்டும். 'பந்து பெரிதாக இருக்கிறது, அடிப்பது எளிது' என்று சொல்பவர்கள் ஒருமுறை போய் நின்று பார்க்கலாம். கைகள் செய்யும் எந்தப் பிழையும் முதலில் தின்பது இந்த நேரத்தைத்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் மிகுதியாகக் கண்டது, வீச்சு தொடங்கிய உடனே இடது கையை நீட்டிவிடும் பழக்கம். மட்டையின் தலை உடலை விட்டு விலகி, பெரிய வட்டமடித்துக்கொண்டு பந்தைத் தேடி வரும். பார்ப்பதற்கு வலுவான வீச்சு போலத் தோன்றும். ஆனால் பந்து உடலுக்கு அருகில் வந்தால் மட்டையின் கழுத்தில் பட்டுக் கை மரத்துப்போகும், வேகமாக வந்தால் மட்டை வந்து சேர்வதற்குள் பந்து பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறையில் இருக்கும். இதன் காரணம் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்ற பாடத்தில் இருக்கிறது. சுழலும் எடை அச்சிலிருந்து இரு மடங்கு விலகினால், அதைச் சுழலச் செய்வது இரு மடங்கல்ல, நான்கு மடங்கு கடினமாகும். வேலியோரம் புதர் வெட்டுபவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள்: ஓங்கிய கையின் முழங்கை விலாவை ஒட்டியே இறங்கும், கத்தி தண்டைத் தொடப்போகும் தறுவாயில்தான் கை நீளும். தொடக்கத்திலேயே கையை நீட்டி வீசினால் அரை மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணி வரை சென்ற நடராஜனைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடாத தெரு இங்கே இல்லை, அண்ணன் தம்பிகளோடு ஆடிய பெண் பிள்ளைகளும் நிறைய உண்டு. கிரிக்கெட்டில் குத்தி எழும் பந்தைக் கால் பக்கம் புல் ஷாட்டாக அடிக்கும்போது கைகளை முன்னால் நன்றாக நீட்டி அடிக்கச் சொல்லித்தருவது சரியான பயிற்சி. அதே கையோடு சாஃப்ட்பாலுக்கு வரும் பிள்ளை, தான் கற்றதைத்தான் செய்கிறது. எனவே அந்தப் பிள்ளையிடம் 'தப்பு' என்று சொல்வதைவிட, 'இது வேறு ஆட்டம். இங்கே பந்து குத்தாமல் நேராக வருகிறது, கை கடைசியில்தான் நீள வேண்டும்' என்று சொல்வதே பொருத்தம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இடது கை நீள்வதே பிழை என்று எண்ணிக்கொண்டு, கையை மடக்கியே வைத்து ஆடச் சொல்லும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. பந்து மட்டையில் படும் கணத்தில் இடது கை பெரும்பாலும் நீண்டுதான் இருக்கும். பட்ட பிறகு இரு கைகளும் சேர்ந்து நீள வேண்டும். எப்போது நீள்கிறது, எந்தத் திசையில் நீள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதைத் திருத்தப் பரவலாகச் செய்யப்படும் பயிற்சி, சுவர் ஓரத்தில் நிற்கவைத்து வீசச் சொல்வது. மட்டையின் குமிழைத் தொப்புளில் வைத்து, அதன் நுனி சுவரைத் தொடும் அளவுக்கு விலகி நின்று, சுவரில் படாமல் வீச வேண்டும். கருங்கல் சுவரில் மோதி மட்டையும் மணிக்கட்டும் கெட வேண்டாம். கொடியில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால் அதுவே போதும், மட்டை உரசினால் சேலை அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதை நாள்தோறும் நூறு முறை செய்யவைத்தால் பிள்ளைகள் கைகளை உடலுக்குள் இழுத்துக்கொண்டு பந்தைக் குறுக்கே அறுக்கத் தொடங்குகிறார்கள். வெளிப்புறம் வரும் பந்து அவர்களுக்கு எட்டாமல் போகிறது. பத்துப் பதினைந்து முறை சேலை ஓரத்தில் வீசிவிட்டு, உடனே டீயில் (பந்தைத் தாங்கி நிற்கும் கம்பத்தில்) பந்தை வைத்து அடிக்கச் செய்வது என் வழக்கம். இடது அக்குளில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்து, பந்து பட்ட பிறகுதான் அது கீழே விழ வேண்டும் என்று சொல்வதும் நல்ல பலன் தரும். இந்த இரண்டாவது முறையில் ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. கைக்குட்டை எங்கே விழுந்தது என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

இனி அந்த வலது முழங்கைக்கு வருகிறேன். மட்டையோடு நிற்கும்போது வலது முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவைப்பது வெறும் நிற்கும் பாணி. சிறந்த ஆட்டக்காரர்களில் தூக்கி நிற்பவர்களும் உண்டு, தாழ்த்தி நிற்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் வீச்சு தொடங்கியதும் அந்த முழங்கை கீழே இறங்கி விலாவை ஒட்டி வந்தாக வேண்டும்; பந்து படும் நேரத்தில் மேற்கையும் முன்கையும் ஏறத்தாழ செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் தூக்கி வைக்கிறோமோ அவ்வளவு தூரம் அது இறங்க வேண்டும். உரம் ஏறிய கைகளுக்கு அது பெரிய வேலையில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழங்கை இறங்கும் வேகத்தில் வலது தோளும் சேர்ந்து இறங்கிவிடும், மட்டையின் தலை பந்துக்குக் கீழே போய்விடும், பந்து வானத்தை நோக்கிப் போகும். அதைப் பார்த்து நாம் மறுபடியும் 'முழங்கையைத் தூக்கு' என்கிறோம். நோயைத் தந்ததையே மருந்தாகக் கொடுக்கிறோம்.

நான் சொன்ன மாணவிக்கு நேர்ந்தது இதுதான். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்தவள். யாரும் கற்றுத்தராமலே முழங்கையைத் தாழ்த்தி, கைகளைத் தோளுக்கு அருகில் வைத்து, சுருக்கமாக வீசுவாள். அவள் அடித்த பந்துகள் இரண்டாம் பேஸுக்கு மேலாகக் கயிறு கட்டியது போல நேராகப் போகும். நிற்கும் தோற்றம் அழகாக இல்லை என்று எனக்குப் பட்டது. ஒரு பயிற்சி முகாமில் கேட்டு வந்ததை வைத்து அவள் முழங்கையைத் தூக்கிவைத்தேன். இரண்டு மாதங்களில் அவள் பந்துகளெல்லாம் மேலே எழும்பத் தொடங்கின. விடுமுறையில் ஏற்காட்டு மலைப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் ஆடியபோது அவை நன்றாகவே பறந்தன. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி சேலத்தில் உள்ளதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு, எனவே உயர எழும்பும் பந்து அங்கே சற்றுக் கூடுதலாகவே போகும். நான் மகிழ்ந்துபோனேன். கீழே இறங்கி வந்து ஆடிய போட்டியில் அதே அடிகள் ஒவ்வொன்றாக எதிரணியின் கையுறைகளில் விழுந்தன. இறுதியாட்டத்தில் மூன்று முறையும் பந்தை அடிக்க முடியாமலே ஸ்ட்ரைக் அவுட் ஆனாள். அடுத்த ஆண்டு அவள் எறிபந்து அணிக்குப் போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு மாணவியின் வீச்சைக் கைப்பேசியில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் தூக்கிய முழங்கை எந்த வழியாக இறங்குகிறது என்பதை என் கண்ணால் கண்டேன். மலையிலிருந்து வந்த அந்தப் பிள்ளையிடம் திருத்த எதுவுமே இருக்கவில்லை.

வலது முழங்கையின் பிழை இன்னொரு விதமாகவும் வரும். சில பிள்ளைகளுக்கு அது விலாவில் நிற்காமல், கைகளை முந்திக்கொண்டு தொப்புளுக்கு நேராக ஓடிவிடும். மட்டை பின்னால் கிடந்து இழுபட்டு வரும். வண்டி முன்னால் போக, மாடு பின்னால் வருவது போன்ற நிலை இது. இத்தகைய பிள்ளை எப்போதும் தாமதமாகவே அடிக்கும். பந்துகள் வலப்பக்கத்து முதல் பேஸ் பக்கம், கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு வலது கையால் மட்டும் ஒரு சிறிய மட்டையை நடுவில் பிடித்து, டீயில் வைத்த பந்தை அடிக்கச் செய்ய வேண்டும். ஒற்றைக் கையில் முழங்கை முந்தினால் மட்டை பந்தை எட்டவே எட்டாது. முழங்கையை முன்னால் கொண்டுவா என்று எப்போதோ யாரோ சொன்னதைப் பிள்ளை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதால் வருவதும் உண்டு, மட்டையின் எடை தாங்காமல் வருவதும் உண்டு. என் அனுபவத்தில் இரண்டாவதே மிகுதி.

இங்கே கிரிக்கெட் பழக்கத்தால் வரும் ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். கிரிக்கெட்டில் மட்டை தரையை நோக்கி இருப்பதால் வலக்கை ஆட்டக்காரரின் 'டாப் ஹேண்ட்' இடது கை. சாஃப்ட்பாலில் மட்டை வானத்தை நோக்கி இருப்பதால் அதே ஆட்டக்காரரின் 'டாப் ஹேண்ட்' வலது கை. பிடி ஒன்றுதான், பெயர் தலைகீழ். 'டாப் ஹேண்டை விடு' என்று பயிற்சியாளர் சொன்னதற்கு எதிர்க் கையைத் தளர்த்திக்கொண்டு திகைத்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இடது கை, வலது கை என்று தமிழிலேயே சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. அதுபோலவே, நேர்மட்டை ஆட்டத்துக்காக இடது முழங்கையை உயர்த்தப் பழகிய பிள்ளை சாஃப்ட்பாலிலும் அதை உயர்த்தும். மட்டை படுக்கைவாட்டில் வர வேண்டிய இடத்தில் கீழிருந்து மேலாகத் தோண்டிக்கொண்டு வரும்.

மணிக்கட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பந்து படும் கணத்தில் வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்த்திருக்க வேண்டும். மணிக்கட்டுகள் புரள்வது பட்ட பிறகு இயல்பாக நடப்பது. முன்கூட்டியே புரண்டால் மட்டை பந்தின் மேல் ஏறிவிடும், பந்து மூன்றாம் பேஸ் பக்கம் தரையில் உருளும். பழைய டயர் ஒன்றை இடுப்பு உயரத்தில் கட்டி, மட்டையால் அடித்து அப்படியே நிறுத்தச் சொல்லி உள்ளங்கைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். மட்டையை உள்ளங்கையின் குழியில் புதைத்துப் பிடிப்பவர்களுக்கே இந்தப் பிழை மிகுதியாக வருகிறது. விரல்களில் பிடித்தால் பாதி சரியாகிவிடும். வீச்சுக்கு முன் கைகளை இடுப்புவரை இறக்கி மறுபடி ஏற்றும் பழக்கம் தாளத்துக்காகத் தொடங்குவது. மெதுவாக எறிபவர்களிடம் தப்பிக்கலாம், வேகம் கூடியதும் தப்ப முடியாது.

இவ்வளவும் கைகளைப் பற்றிச் சொன்னாலும், கைகளில் தெரியும் பிழை எல்லாம் கைகளில் பிறந்தது அல்ல. சரியான வீச்சில் முதலில் கால் ஊன்றும், பிறகு இடுப்பு திரும்பும், பிறகு மார்பு, அதன் பின்னரே கைகள், கடைசியில் மட்டையின் தலை. இடுப்பு திரும்பாமல் உறைந்து நின்றால், வேலை முழுவதும் கைகளின் மேல் விழுகிறது. அவை அவசரப்பட்டு நீள்கின்றன. ஆகவே கையை நீட்டும் பிள்ளையின் கையைப் பார்ப்பதற்கு முன் அதன் வலது குதிகாலைப் பாருங்கள். பந்து படும்போது குதிகால் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், கையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் பயன் இருக்காது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக எடுத்தால் இது தெளிவாகத் தெரியும். சாதாரணக் காணொளியில் நொடிக்கு 30 படங்களே பதிவாவதால் ஒரு வீச்சுக்கு ஐந்தாறு படங்கள்தான் கிடைக்கும், நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதியில் நாற்பதுக்குக் குறையாது. மாணவியரைப் படமெடுக்கும்போது பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, பார்த்து முடித்ததும் அழித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக மட்டையின் எடை. விதிகள் 34 அங்குல நீளமும் 38 அவுன்ஸ் எடையும் வரை அனுமதிக்கின்றன. அது உச்ச வரம்பே தவிர பரிந்துரை அல்ல. 38 அவுன்ஸ் என்பது ஒரு கிலோவுக்கும் மேல். உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண்ணுக்கு 620 முதல் 680 கிராம் வரையிலான மட்டையே பொருத்தம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 500 முதல் 570 கிராம் போதும். நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் எப்போதோ வாங்கிய ஒரே ஒரு கனத்த மட்டையை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணும் மாறி மாறித் தூக்குகிறார்கள். குமிழை ஒரு கையால் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டி, முப்பது எண்ணும்வரை நடுங்காமல் வைத்திருக்க முடியாத மட்டை அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. அந்த மட்டையோடு முழங்கை முந்துவதும் தோள் சரிவதும் உடம்பு கண்டுபிடித்துக்கொண்ட வழிகளே. அவற்றைப் பிழை என்று பிள்ளையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பள்ளிக் கல்வித் துறைக்கும் மாவட்ட விளையாட்டு நிர்வாகத்துக்கும் தங்கள் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சாஃப்ட்பால் ஆடும் ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று எடைகளில் மூன்று மட்டைகளும் இரண்டு டீக்களும் வழங்கப்பட வேண்டும். டீக்களை வாங்கித்தர நிதி இல்லையென்றால், செவ்வாய்ப்பேட்டையில் ஏதேனும் ஒரு ஹார்டுவேர் கடையில் பி.வி.சி. குழாயும் மேலே செருக ஒரு சாண் ரப்பர் குழாயும் வாங்கினால் ஒரு மாலையில் செய்துவிடலாம்; என் பள்ளியில் அப்படித்தான் செய்தோம், அடிபட்டு உடையும் குழாயை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினோம். குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தி, அதில் மேடைப் பேச்சைக் குறைத்து, ஆசிரியர்களையே மட்டை பிடிக்கவைத்துக் காணொளி எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மீண்டும் இடம்பெறுகிறது என்பதால் இவ்விளையாட்டின் மீது இப்போது சற்றுக் கவனம் திரும்பியிருக்கிறது. கேட்பதற்கு இதுவே தக்க நேரம் என்று எண்ணுகிறேன். அத்தகைய பயிற்சி நடந்தால், டீ செய்து காட்ட நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன். குழாய் அறுக்கும் வாளையும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.